நான் அடித்துவிட்ட கேள்வி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். இதை நானாகச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர், என் மகள், எங்கள் வேன் டிரைவர் என்று மூன்று பேர் தனித்தனியாகச் சொல்லி, மூன்று பேரிடமும் நான் தனித்தனியாகக் கோபித்துக்கொண்டிருக்கிறேன். நர்ஸ் வேலைக்கு வந்து இருபது வருஷம் தாண்டிவிட்டது. இப்போது சில வருஷங்களாக நடமாடும் மருத்துவக் குழுவில் இருக்கிறேன். குழு என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை; ஒரு டாக்டர், ஒரு மருந்தாளுநர், நான், ஒரு வேன். காலையில் கள்ளக்குறிச்சியிலிருந்து கிளம்பி, ஊர் ஊராக அங்கன்வாடிகளுக்குப் போய்ச் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வருவோம். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பார். நான் எடை பார்ப்பேன், உயரம் பார்ப்பேன், பல்லைப் பார்ப்பேன். அதோடு, ஆட்டிசத்தின் அறிகுறி ஏதாவது தெரிகிறதா என்று பார்க்க இரண்டு பக்கத்துக்கு ஒரு படிவம் உண்டு. அதை நிரப்புவது என் பொறுப்பு.

அந்தப் படிவத்தில் இருப்பதெல்லாம் பார்த்தால் சாதாரணக் கேள்விகள்தான். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா? கண்ணைப் பார்க்கிறதா? பிடித்த பொருளைக் கொண்டுவந்து உங்களிடம் காட்டுகிறதா? தூரத்தில் இருப்பதை ஆட்காட்டி விரலை நீட்டிக் காட்டுகிறதா? ஆனால் இதற்குத் தாய்மாரிடம் பதில் வாங்குவதற்குள் நாக்குத் தள்ளிவிடும். ரிஷிவந்தியம் பக்கம் போனால், "அவங்க அப்பாவும் அஞ்சு வயசுலதான் பேசுனாரு. இப்ப பாருங்க, வாய மூட மாட்றாரு" என்பார்கள். நைனார்பாளையம் நான் பிறந்த ஊர். அங்கே இன்னும் மோசம். "நீ பொறந்தப்ப எந்த பாரத்த நெரப்புனாங்க? நீ நல்லாத்தான கீற?" என்று என்னையே மடக்குவார்கள். லேட்டாகப் பேசிய ஒரு மாமனோ சித்தப்பனோ இல்லாத வீடே இந்த மாவட்டத்தில் கிடையாது போல. ஒரு பக்கம் சிரிப்பு வரும், மறுபக்கம் எரிச்சல் வரும். கண்டுபிடிக்க வேண்டியதைச் சின்ன வயதிலேயே கண்டுபிடித்துப் பயிற்சியை ஆரம்பித்துவிட்டால் அந்தப் பிள்ளைக்கு எவ்வளவோ நல்லது. ஆறேழு வயதில் தூக்கிக்கொண்டு வந்து, "இன்னும் பேசல மேடம்" என்று அழுதால் எனக்கும் அழுகை வரும். அப்புறம் கோபம் வரும்.

இவ்வளவு நியாயம் பேசுகிற நான், கல்வராயன் மலையில் ஒரு பெண் குழந்தையைக் கோட்டைவிடப் பார்த்தேன். ஓர் அங்கன்வாடி டீச்சர் என்னை விடவில்லை. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

வெள்ளிமலையைத் தாண்டி இன்னும் உள்ளே போனால் வருகிற சின்ன ஊர் அது. ஐப்பசி மாதம், மழை விட்டிருந்த ஒரு காலையில் போனோம். டீச்சருக்கு முப்பது வயது இருக்கும். அதே மலையில் பிறந்து வளர்ந்தவர். ஒல்லியான உடம்பு, எழும்பாத குரல். வேன் வந்து நின்றதும் ஓடிவருவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒரு பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிட்டுக்கொண்டிருந்தார். அதை முடித்து, துடைத்துவிட்டு, அப்புறம்தான் நிமிர்ந்து "வாங்க சிஸ்டர்" என்றார். அப்போதே எனக்கு முகம் கடுத்துவிட்டது. நியாயமே இல்லாத கோபம்தான். ஆனாலும் வந்தது.

கூரையில் மின்விசிறி மாட்டாத கொக்கி ஒன்று இருந்தது. அதில் ஒரு சிவப்பு பலூனைக் கட்டினேன். பிள்ளைகளை ஒவ்வொன்றாக எதிரே உட்காரவைத்து, "பலூன் எங்க இருக்குது? காட்டு பாக்கலாம்" என்று கேட்டேன். முதல் பிள்ளை அண்ணாந்து பார்த்துக் கையைத் தூக்கியது. ஆனால் விரலை நீட்டவில்லை. ஆட்காட்டி விரலை உள்ளே மடக்கி, அதன் முட்டியால் காட்டியது. "இல்லை" என்று குறித்தேன். அடுத்தது முகவாயை உயர்த்திக் காட்டியது. இல்லை. மூன்றாவதும் விரல் முட்டி. இப்படியே வரிசையாக ஏழெட்டுப் பிள்ளைகள். ஒன்றுகூட விரலை நீட்டவில்லை. அடக் கடவுளே, ஒரு அங்கன்வாடி முழுக்கவா? எனக்குத் தலை சுற்றியது. தலை சுற்றல் நின்றதும் வழக்கம்போலக் கோபம் வந்தது.

"இன்னா டீச்சர், சத்துமாவக் குடுத்துட்டுத் தூங்க வச்சிடறதா? ஒரு புள்ளைக்குக்கூட வெரல நீட்டிக் காட்டத் தெரியல. இதக்கூடவா சொல்லித் தர மாட்டீங்க?"

அவர் முகம் கொஞ்சம் வாடியது. "செத்த இப்படி வாங்க சிஸ்டர்" என்று கட்டடத்தின் பின்பக்கம் கூட்டிப்போனார். வேலி முழுக்கப் பூசணிக் கொடி. மஞ்சள் பூக்களுக்கு நடுவே கட்டைவிரல் அளவில் பிஞ்சுகள் தொங்கின. எதற்கு இங்கே கூட்டிவந்தார் என்று புரியாமல், "பூசணியா அது?" என்று கையை நீட்டினேன். நீட்டிய விரலைச் சட்டென்று பிடித்து மடக்கிவிட்டார்.

"நீட்டாதீங்க சிஸ்டர், பிஞ்சு அழுவிப் போயிடும். இங்க அல்லாரும் அப்படித்தான் நெனச்சிக்கினு இருக்காங்க. புள்ளைங்கள நடக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாலயே கொல்லை வேலைக்குத் தூக்கிக்கினு போயிடுவாங்க. வெரல நீட்டுச்சின்னா அம்மாக்காரி மடக்கி வுட்டுடுவா. பழகிப்போச்சிங்க. பூசணிக்கும் அதான், பலூனுக்கும் அதான், நெலாவுக்கும் அதான்."

வாய்விட்டுச் சிரித்தேன். இதே பேச்சை நைனார்பாளையத்தில் என் அம்மாவும் சுரைப்பந்தலுக்குக் கீழே நின்று சொல்லியிருக்கிறாள். நாங்கள் மறந்துவிட்டோம், இங்கே அது பிள்ளைகளின் கையிலேயே ஊறிப்போயிருக்கிறது. உள்ளே வந்ததும் பேனாவை எடுத்து, அன்றைய எல்லாப் படிவத்திலும் அந்த விரல் கேள்வியைக் கோடு போட்டு அடித்து, "ஊர் வழக்கம், பொருந்தாது" என்று எழுதினேன். டாக்டர் எட்டிப் பார்த்து, "நல்லா கவனிச்சிருக்கீங்க சிஸ்டர்" என்றார். டீச்சர் பக்கத்திலேயே நின்றிருந்தார். பாராட்டு அவருக்குப் போக வேண்டியது. நான் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

கடைசியாக வந்தது ஒரு பெண் குழந்தை. மூன்று வயது முடியப் போகிறது. எண்ணெய் வைத்துப் படியச் சீவிய தலை, சுத்தமான கவுன். புளியங்கொட்டைகளைத் தரையில் ஒரே நேராக வரிசை வைத்துக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு இருபத்திரண்டு இருபத்து மூன்று வயதுதான் இருக்கும். நான் கேட்டதற்கெல்லாம் பெருமையாகப் பதில் சொன்னாள். கூப்பிட்டால் திரும்புவாளா? திரும்புவா, செத்த நேரம் ஆவும். அழுவாளா? அழவே மாட்டா. தொந்தரவு? "ஒண்ணும் கெடயாதுங்க. கொல்லையில ஒரு எடத்துல குந்த வச்சா குந்துன எடத்துலயே இருப்பா. அவ்ளோ சமத்து." எனக்கும் பசி எடுத்துவிட்டது. பலூனைக் கழற்றியாகிவிட்டது. "நலம்" என்று எழுதி மூடினேன்.

பையைத் தோளில் மாட்டும்போது டீச்சர் பக்கத்தில் வந்தார். தாழ்ந்த குரலில், "சிஸ்டர், இந்தப் பாப்பாவுக்கு மட்டும் அந்தக் கேள்விய அடிக்காதீங்க" என்றார்.

"ஏன், இவளும் உங்க ஊருதான? இவளும் மடக்கித்தான காட்டுவா?"

"இல்லீங்க. இவ மடக்கியும் காட்டறது இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. உண்மையைச் சொன்னால் சுருக்கென்று குத்தியது விஷயம் இல்லை, அதை இவர் சொல்கிறாரே என்பதுதான். அவர் விடாமல், "மத்த புள்ளைங்க மடக்கிக் காட்டுச்சின்னாலும், காட்டிட்டு நாம பாத்தமான்னு நம்ம மூஞ்சியப் பாக்கும். இவ யாரு மூஞ்சியும் பாக்கறது இல்லீங்க" என்றார்.

"நான் இருபது வருஷமா புள்ளைங்களத்தான் பாத்துக்கினு இருக்கேன் டீச்சர். உங்க வேலைய நீங்க பாருங்க" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினேன். அந்த வார்த்தையை இப்போது எழுதும்போதுகூட எனக்குக் கன்னம் சுடுகிறது.

மறுநாள் மத்தியானம் போன் வந்தது. "சிஸ்டர், நான் அங்கன்வாடி டீச்சர் பேசறேன்." உளுந்தூர்பேட்டையில் இருந்தேன், லாரிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, அப்புறம் பேசுங்கள் என்று வைத்துவிட்டேன். அதற்கு மறுநாளும் வந்தது. "இன்னைக்கிக் கல்லுல தடுக்கி வுழுந்துட்டா சிஸ்டர். முட்டியில ரத்தம். அழுவல, யாராண்டயும் வரல. எழுந்து மறுபடியும் புளியங்கொட்டைய அடுக்கப் போயிட்டா." சரி, பார்க்கலாம் என்றேன். மூன்றாம் நாளும் அதே நேரத்துக்கு வந்தது.

"இன்னைக்கி ஒரு கோழி குஞ்சுங்களோட உள்ள வந்துடுச்சி. அல்லாப் புள்ளைங்களும் கோழியப் பாக்குதுங்க, என்னப் பாக்குதுங்க, திரும்பக் கோழியப் பாக்குதுங்க. 'டீச்சர், பாரேன்'னு கேக்கற மாதிரி. இவ கோழியோட காலை மட்டும் பாத்துக்கினு இருந்தா. என்னப் பாக்கவே இல்ல. நான் கைதட்டிக் கூப்பிட்டும் பாத்தேன், பாட்டும் பாடிப் பாத்தேன்."

அந்தக் கோழி என்னை உலுக்கிவிட்டது. அந்தப் படிவத்தை ஆயிரம் தடவை நிரப்பியிருப்பேன். விரல் நீண்டதா, மடங்கியதா என்பதிலேயே என் கண் இருந்தது. எதற்காகப் பிள்ளை கையைத் தூக்குகிறது என்று நான் யோசித்ததே இல்லை. தான் பார்த்ததை இன்னொருவரும் பார்க்க வேண்டும் என்கிற ஆசை அது. அந்த ஆசை இருக்கிறதா என்றுதான் அந்தக் கேள்வி கேட்கிறது. ஊர் வழக்கம் என்று சொல்லி எட்டுப் பிள்ளைகளுக்கு நியாயம் செய்தேன், சரி. அதே கோட்டை ஒன்பதாவது பிள்ளையின் படிவத்திலும் இழுத்தேன் பாருங்கள், அதுதான் என் லட்சணம். எந்தப் பயிற்சி வகுப்புக்கும் போகாமல் ஒரு கோழியை வைத்து அந்த டீச்சர் அதைப் புரிந்துகொண்டுவிட்டார்.

நான்காம் நாள் அவர் குரலே வேறு மாதிரி இருந்தது. "சிஸ்டர், அவங்க வூட்ல குடகுக்குப் போறாங்களாம். காப்பிக்கொட்டை பறிக்க. அடுத்த வாரம் வண்டி வருது. புள்ளையையும் தூக்கிக்கினு போறாங்க. போனா மாசிக்கு மேலதான் வருவாங்க. சில வருஷம் அங்கிருந்து வேற எஸ்டேட்டுக்கும் போயிடுவாங்க." அதோடு, "நான் சொன்னா கேக்க மாட்டாங்க சிஸ்டர். நீங்க வந்தா கேப்பாங்க" என்றார்.

இவ்வளவு திட்டு வாங்கியவர், என்னை நம்பிக் கூப்பிடுகிறார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, கச்சிராயபாளையம் வழியாகப் போகிற வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினேன். வேனில் முன்சீட்டில் உட்கார்ந்து போகிறவளுக்கு அந்த வளைவுகளின் அருமை தெரியாது. பஸ்ஸில் குடல் வாய்க்கு வந்துவிட்டது. வெள்ளிமலையில் இறங்கி ஒரு ஜீப்பைப் பிடித்து ஊருக்குப் போய்ச் சேர்ந்தால், டீச்சர் ஊருக்கு வெளியே ஒரு பாறை மேட்டில் நின்றுகொண்டிருந்தார். என்னைத்தான் போனில் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அந்த ஊரில் அங்கே மட்டும்தான் சிக்னல் கிடைக்குமாம். நான்கு நாளும், பிள்ளைகளைச் சாப்பிட வைத்துப் படுக்கப் போட்டு, உதவியாளரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மரவள்ளிக் கொல்லைகளைத் தாண்டி அந்த மேட்டில் ஏறித்தான் எனக்குப் பேசியிருக்கிறார். நானோ லாரிச் சத்தம் என்று வைத்திருக்கிறேன்.

"டீச்சர், அன்னைக்கி நான் பேசுனது தப்பு" என்றேன். எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் இல்லை.

"அத்த வுடுங்க சிஸ்டர். மூஞ்சி வெளுத்துப்போய் இருக்குது, மொதல்ல ஒரு டீ குடிங்க."

டீ குடித்துவிட்டு ஒரு மணி நேரம் அந்தப் பிள்ளை பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். புதுப் படிவத்தை எடுத்து, ஒரு கேள்வியையும் அடிக்காமல் நிரப்பினேன். டீச்சர் சொன்னது அத்தனையும் சரி.

இனி அம்மாவிடம் சொல்ல வேண்டும். வீட்டு வாசலில் மூட்டை கட்டத் தொடங்கியிருந்தாள். நான் ஆரம்பித்ததுமே பொரிந்துவிட்டாள். "எம்புள்ளைக்கு இன்னா கொறச்சல்? அஞ்சு நாளைக்கி முன்னால நீங்கதான நல்லாக்கீதுன்னு எழுதிக்கினு போனீங்க?" எழுதியது நான்தான். அவள் புருஷன் உள்ளேயிருந்து, "எஸ்டேட் மேஸ்திரி வண்டி அனுப்பறாரு, அதெல்லாம் வந்து பாத்துக்கலாம்" என்றான்.

டீச்சர் வாதாடவே இல்லை. நோய் என்றோ குறை என்றோ ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தானும் ஒரு சேலையை எடுத்து மடித்துக்கொண்டே பேசினார்.

"ஏன் தங்கச்சி, பாப்பா ஒன்ன எப்ப கடைசியா 'ம்மா'ன்னு கூப்பிட்டா?"

அவள் கை நின்றுவிட்டது. "கூப்டது இல்ல" என்றாள்.

"நாளைக்கி ஒரு நாளு எங்கூடக் கள்ளக்குறிச்சிக்கு வா. ஒண்ணுமில்லன்னு சொன்னா நானே ஒன்ன வண்டி ஏத்தி வுடறேன்."

"நீ கூடவே இருப்பியா டீச்சர்?"

"இருக்கேன்."

சேலை மடித்துக்கொண்டே பேசுகிற அந்தப் பக்குவத்தை நான் கற்றுக்கொண்டுவிட்டேன் என்று சொல்ல மாட்டேன், எனக்கு வராது. ஆனால் இப்போதெல்லாம் தாய்மாரிடம் பேசுவதற்கு முன்னால் முதலில் உட்காருகிறேன்.

மறுநாள் அவர்களோடு நானும் போனேன். கள்ளக்குறிச்சியில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான பயிற்சி மையத்தில், தரையில் பாய் விரித்த ஓர் அறை. பயிற்சி தருகிற பெண் வெகு நேரம் குழந்தையோடு தரையிலேயே உட்கார்ந்து விளையாடிப் பார்த்தார். அந்த மையத்து டாக்டரும் வந்து பார்த்தார். கடைசியில் அந்தப் பெண் எதையும் மறைக்காமல், பயமுறுத்தாமலும் சொன்னார்: ஆட்டிசத்தின் அறிகுறிகள் இருக்கின்றன. பேச்சு எப்போது வரும் என்று இன்று சொல்ல முடியாது. ஆனால் சரியான வயதில் வந்திருக்கிறீர்கள். வாரா வாரம் வந்தால், வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கும் சொல்லித் தருவோம். விடக் கூடாது.

அம்மா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பேச்சு வருமா, பள்ளிக்கூடம் போவாளா, கல்யாணம் ஆகுமா. வழக்கமாக இந்த இடத்தில் வருகிற கேள்விகளுக்கு நான் தயாராக இருந்தேன். அவள் கேட்டது வேறு.

"நான்தான் அவ அம்மான்னு அவளுக்குத் தெரியுங்களா?"

யாரும் உடனே பதில் சொல்லவில்லை. அந்த ஒரு நொடியை அவளால் தாங்க முடியவில்லை. எழுந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். டீச்சர் பின்னாலேயே ஓடினார். கதவு சாத்திக்கொண்டது. பிள்ளைகள் வராந்தாவுக்கு ஓடிவிடாமல் இருக்க எப்போதும் உள்ளே தாழ்ப்பாள் போடுவார்கள். பயிற்சி தருகிற பெண் எழுந்து போட்டுவிட்டு வந்தார். குழந்தை மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தது. தலையைத் திருப்பவே இல்லை. ஐயோ, நல்லவேளை, இதை அவள் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்து நிமிஷம் இருக்கும். கட்டைகளை அப்படியே விட்டுவிட்டுக் குழந்தை எழுந்தது. கதவுவரை போயிற்று. உள்ளங்கையால் கதவைத் தடவிப் பார்த்தது. அழவில்லை, குரல் எழுப்பவில்லை. திரும்பி நேராக என்னிடம் வந்தது. என் முகத்தைப் பார்க்காமல், இரண்டு கையாலும் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தது. அந்தப் பிடியில் இருந்த பலத்தை நான் எதிர்பார்க்கவில்லை. இழுத்துக்கொண்டுபோய்க் கதவுக்கு முன்னால் நிறுத்தி, என் கையைத் தாழ்ப்பாளை நோக்கி உயர்த்தியது. எட்டாமல் நுனிக்காலில் நின்று மறுபடியும் உயர்த்தியது. ஏதாவது வேண்டுமென்றால் அடுத்தவர் கையைப் பிடித்து இழுத்துக் காரியம் சாதித்துக்கொள்கிறதா என்று படிவத்திலேயே ஒரு கேள்வி உண்டு. அதுவும் ஓர் அறிகுறிதான். எனக்கு அது தெரியும். தெரிந்தும் கண் நிறைந்துவிட்டது, தாழ்ப்பாள் சரியாகத் தெரியவில்லை.

திறந்தேன். அம்மா சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள், டீச்சர் அவள் முதுகில் கை வைத்திருந்தார். வராந்தாவில் அவர்களைச் சுற்றி எத்தனையோ பெண்கள். குழந்தை யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நேராகப் போய், அம்மாவின் மடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, அவள் வயிற்றில் நன்றாகச் சாய்ந்துகொண்டது.

அவள் ஒரு கையால் பிள்ளையை இறுக்கிக்கொண்டு, அழுத முகத்தைத் துடைக்காமலே கதவருகில் நின்ற பயிற்சிக்காரப் பெண்ணை நிமிர்ந்து பார்த்தாள்.

"வண்டி வந்தா அவரு மட்டும் போவட்டுங்க. அடுத்து என்னிக்கி நாங்க வரணும்?"